எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி

கடைக்காரர்களுக்கு அவர் சிம்மசொப்பனம். எடையளவு ஆய்வாளர். தராசில் ஐந்து கிராம் குறைந்தாலும் ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் பழைய ஃபிலிம் கேமராக்களைப் பிரித்துப் பரப்பி உட்கார்ந்துவிடுவார். மனைவியும் மகளும் பதினோரு வருஷமாகத் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

எல்லாம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள். கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு மஞ்சள் சதுரம், அதற்குள் எதுவும் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகி இரண்டும் ஒன்றானால் தூரம் சரி. பழுதுபார்த்த கேமராவை வெகுதொலைவில் உள்ள பொருளை வைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். மலையோ நிலாவோ உத்தமம் என்றது புத்தகம். மாடியேற ஐயாவுக்குச் சோம்பல். ஜன்னல் வழியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. நாற்பதடி இருக்கும். இது போதும் என்று முடிவுகட்டிவிட்டார்.

அன்றிலிருந்து மனைவியை எடுத்த எந்தப் படத்திலும் முகம் தெளிவாக விழவில்லை. பின்சுவர்க் காலண்டரில் தேதி மட்டும் பளிச்சென்று இருந்தது. தன் படம் ஒன்றாவது நன்றாக வர வேண்டுமென்று அவளுக்குக் கொள்ளை ஆசை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுகூடப் பார்த்தாள். "நீ அசைஞ்சுட்டே" என்பார் ஒவ்வொரு முறையும். ஸ்டூடியோவுக்குப் போகிறேன் என்றால், வீட்டில் ஏழு கேமரா இருக்கும்போதா என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். பாவம், அவளும் விட்டுவிடுவாள்.

போன மாதம் எதிர்வீட்டார் தொட்டியை இடித்தார்கள். அதற்கப்பால், ஊர்க்கோடியில், ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. ஒரு கேமராவை எடுத்து அதைப் பார்த்தார். இரண்டு புகைபோக்கி. லென்ஸை எவ்வளவு திருகியும் ஒன்றாகவில்லை. ஏழு கேமராவிலும் இரண்டிரண்டு. கட்டியவன் கோணலாகக் கட்டிவிட்டான் என்றார், கொஞ்சமும் கூசாமல். மகள் புத்தகத்தைக் கொண்டுவந்து, கிட்டத்துப் பொருளை வைத்துச் சரிக்கட்டினால் ஆளை விட்டுப் பின்னால் உள்ளதுதான் தெளிவாக விழும் என்றிருந்த பக்கத்தைத் திறந்து முன்னால் வைத்தாள்.

"அப்போ நான் அசையவே இல்லையா?" என்று கேட்டாள் மனைவி.

தொட்டியை அவ்வளவு கிட்டத்தில் கட்டியது யார் குற்றம் என்று முணுமுணுத்தாரே தவிர, தப்பு என்னுடையது என்று அந்த வாய் சொல்லவில்லை. அந்த வாரமே புகைபோக்கியை வைத்து எல்லாவற்றையும் திருத்தி, அவளை நிறுத்திப் படம் எடுத்தார். நாற்பத்தொன்பது வயது முகம், நரைமுடி ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம்போல் வந்திருந்தது. மெச்சுவாள் என்று பக்கத்திலேயே நின்றார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "நாப்பது வயசுல எப்படி இருந்தேன்? அதையும் காட்டுங்க."