விருப்புரிமை

ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அக்கா அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபடியே வந்தாள்: விருப்புரிமை நிதி. சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். அவள் திருநெல்வேலிப் பக்கம். புருஷன் இல்லை, கல்லூரியில் படிக்கும் ஒரே மகள். தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் அவள் வலது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோன பிறகு, கான்ட்ராக்ட் ஆள்தானே என்று வேலையும் போயிற்று. அரசாங்க உதவித்தொகை சாப்பாட்டுக்கே பற்றவில்லை. வடக்குப்பட்டில் குடியிருந்த அறைக்கு வாடகை ஏறிக்கொண்டே போனது. அறை போனால் மகளின் படிப்பும் போய்விடும். அக்காவுக்கு அந்த ஒரு பயம்தான்.

வாடகைக்கென்று திட்டம் ஏதும் கிடையாது, கலெக்டர் மனது வைத்தால் விருப்புரிமை நிதியிலிருந்து ஏதாவது கொடுக்கலாம் என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுத்தவர் சொல்லியிருந்தார். மகளிர் உரிமைத் தொகை பேங்கில் தானாக வந்து விழுவதைப் பார்த்துப் பழகியவளுக்கு அவர் சொன்னதில் பாதிதான் காதில் ஏறியது.

"ஏட்டி, பேருலயே உரிமைன்னு வச்சிருக்காவ, தராம இருப்பாவளா?" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. அன்றைக்கே வீட்டுக்கார அம்மாவிடம் போய், உரிமைப் பணம் வரப்போகிறது, வராவிட்டால் பொங்கலுக்குள் நானே காலி செய்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்த அம்மாவும் பொல்லாதவள் இல்லை. நிலமெல்லாம் கம்பெனிக்குப் போனபின் வாடகைதான் அவளுக்குச் சோறு.

மனு என்னாயிற்று என்று கேட்கப் போனபோது நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கேட்டவர்களுக்கே நிதி போதவில்லை என்றார் அங்கிருந்த எழுத்தர். அது என் உரிமை சார் என்று அக்கா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"உரிமை உங்களுது இல்லம்மா. குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ற உரிமை, அது கலெக்டருது."

பொறுமையாகத்தான் சொன்னார். அந்தப் பொறுமைதான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியாவது இருக்கலாம்.

சொன்ன சொல் தவறாமல் அக்கா காலி செய்தாள். ஊரில் தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டாள். மகள் படிப்பை விட்டுவிட்டு, ஹாஸ்டல் தருகிறார்கள் என்று எங்கள் கம்பெனியிலேயே சேர்ந்தாள். நான் இப்போது சூப்பர்வைசர். அவளை வேறு லைனுக்கு மாற்றக் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. பிரஸ்ஸில்தான் நிற்கிறாள். கையைப் பார்த்து வைடி என்று தினமும் சொல்கிறேன். சரி சித்தி என்கிறாள், மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.