எங்கள் மாடிவீட்டு மாணவர்

எங்கள் வீட்டு மாடியில் ஒரு மாணவர் குடியிருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் சரியாக மடங்காது. ஹாலந்து நாட்டில் ஒரு நகராட்சி அலுவலகத்தில், வீடு கட்ட அனுமதி கொடுக்கும் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

இந்த வயதில் அவர் மாணவராக இருப்பதற்குக் காரணம் நம் சர்க்கார்தான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் இங்கே வேலை செய்ய வரலாம். வியாபாரம் செய்ய வரலாம். வைத்தியம் பார்த்துக்கொள்ள வரலாம். வேலையெல்லாம் முடிந்துவிட்டது, இனி சும்மா இருக்க வருகிறேன் என்றால் மட்டும் அதற்கு விசா கிடையாது. சும்மா இருப்பதற்கு உள்நாட்டிலேயே போதுமான ஆட்கள் இருக்கிறோம் என்று நினைத்திருக்கலாம்.

அவர் முதலில் சுற்றுலா வந்தவர். செகந்திராபாத்தில் ஒரு தமிழ்க் கல்யாணத்துக்கு யாரோ கூட்டிப்போக, அங்கே சாயங்காலக் கச்சேரியில் மிருதங்கத்தைக் கேட்டிருக்கிறார். அத்தோடு ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, ஒரு சங்கீதப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, மாணவர் விசாவில் எங்கள் மாடிக்குக் குடிவந்துவிட்டார். குளிர் நாட்டில் அவருடைய முழங்கால்கள் அவரை நடக்க விடவில்லை. செகந்திராபாத்தை ஒட்டிய எங்கள் மல்காஜ்கிரியில் நடக்க விடுகின்றன. அவருக்கு இங்கே வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மாணவர் விசாவை வருஷா வருஷம் நீட்டிக்க வேண்டும். அதற்கு மிருதங்க வாத்தியார் ஒரு சான்றிதழ் கொடுப்பார். அதை எழுதுவதற்குள் வாத்தியாருக்கு வியர்த்துவிடும். மாணவர் நன்றாகத் தேறிவிட்டார் என்று எழுதினால், படிப்பு முடிந்தது, ஊருக்குப் போகலாம் என்பார்கள். ஒன்றும் தேறவில்லை என்று எழுதினால், அப்புறம் எதற்கு இங்கே என்பார்கள். அதனால் ஒவ்வொரு வருஷமும் அவர் தேறிக்கொண்டே இருந்தார், தேறாமலும் இருந்தார். உண்மையும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. முதல் பாடமான 'தா தி தொம் நம்' என்பதையே அவர் மூன்றாவது வருஷமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

முழங்கால் மடங்காததால் மிருதங்கத்தை ஸ்டூலில் வைத்துக்கொண்டு, காலை ஐந்தரைக்கு ஆரம்பித்துவிடுவார். அதற்கு முன் மாடிப்படியில் இறங்கி வந்து, மிருதங்கத்தின் இடது பக்கத்தில் பூசுவதற்கு என் மனைவியிடம் ரவை வாங்கிக்கொண்டு போவார். "நம்ம வீட்டு உப்புமாவெல்லாம் மாடியில சத்தமா போகுது" என்பாள் அவள். சொல்லிக்கொண்டேதான் கொடுப்பாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அப்பா கட்டிய வீடு இது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, பாலாநகரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். புது ஆளிடம் பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எங்கள் வீட்டில் பேச்சு இலாகா முழுவதும் மனைவியின் கையில்.

எங்கள் எதிர்வீட்டில் பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவரும் தமிழர். தெருவில் குப்பை வண்டி வராவிட்டாலும், தெருவிளக்கு பகலில் எரிந்தாலும் உரிய இடத்தில் புகார் கொடுப்பவர். மிருதங்கத்தைச் சும்மா விடுவாரா. ஒரு நாள் என்னைத் தெருவில் நிறுத்தினார்.

"தம்பி, உங்க மாடியில என்ன, காலங்காத்தால கதவத் தட்டுற மாதிரியே சத்தம்? நானும் தெனம் எழுந்து போய்க் கதவத் திறந்து பாக்கறேன்."

"அது மிருதங்கம் சார்."

"அப்படின்னு அவர் நம்புறாரு. நான் ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். அவங்க வந்து பாத்துக்குவாங்க."

இதை வீட்டில் சொன்னேன். சொன்னதுதான் வினையாகிவிட்டது. அடுத்த வாரம் ஒரு கான்ஸ்டபிள் கையில் பைலோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அப்போது மாடிவீட்டுக்காரர் வகுப்புக்குப் போயிருந்தார். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட்டவர் அந்த விலாசத்தில் உண்மையிலேயே இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போகத்தான் கான்ஸ்டபிள் வந்திருந்தார். அவர் அதைச் சொல்லவில்லை. மாடியில் ஒரு வெளிநாட்டுக்காரர் இருக்கிறாராமே என்று மட்டும் கேட்டார்.

எங்கள் தெருவுக்கு என்று ஒரு மரியாதை உண்டு. பைலோடு வருபவர் யாராக இருந்தாலும், யாரைத் தேடி வந்தாலும், தேடப்படுகிறவர் ஊருக்குப் போயிருக்கிறார். பின்கட்டில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும் ஊருக்குத்தான் போயிருக்கிறார். தெலுங்குக்காரர், உருதுக்காரர், தமிழர் என்ற வித்தியாசம் இதில் இல்லை. நாளைக்கு நம்மைத் தேடி வரும்போது அவர்களும் நம்மை ஊருக்கு அனுப்பிவைப்பார்கள் அல்லவா. மிருதங்கப் புகாருக்குத்தான் போலீஸ் வந்திருக்கிறது என்று முடிவு செய்த என் மனைவி, தெருவின் மரியாதையைக் காப்பாற்றினாள்.

"ஊரிக்கி போயின்ரு சார்" என்றாள்.

எந்த ஊருக்கு என்று அவர் கேட்டார். அவள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். அவருடைய நாட்டுக்கே போய்விட்டார், ப்ளேனில் போனார், சாமானெல்லாம் கொண்டுபோய்விட்டார், இனி வருவது சந்தேகம் என்று நல்ல தெலுங்கில் எடுத்துச் சொன்னாள். பக்கத்து வீட்டு அம்மாவும் வெளியே வந்து, வழியனுப்பும்போது தனக்கு அழுகையே வந்துவிட்டது என்றார். கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டு போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, என்ன சாமர்த்தியம் என்று வியந்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்தவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவருடைய தமிழ் என் மனைவியிடமும் மிருதங்க வாத்தியாரிடமும் கற்றது. நடுவில் தெருவின் உருதுவும் கலந்திருக்கும்.

"போலீஸ் வந்தது விசாவுக்கு" என்றார். "சத்தத்துக்கு இல்ல."

"ஐயையோ. இப்ப என்ன ஆகும்?"

"பேப்பர்ல நான் போயாச்சு. நான் இருந்த ஆபீஸா இருந்தா, நானும் முடியாதுன்னுதான் எழுதுவேன்."

அவர் சொன்னபடியே ஆயிற்று. கொஞ்ச நாளில் அவருடைய கம்ப்யூட்டருக்குத் தகவல் வந்தது. நீட்டிப்பு மறுக்கப்படுகிறது, இரண்டு வாரத்துக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், மறுத்துச் சொல்ல ஏதாவது இருந்தால் நேரில் வரலாம். போய்விட்டவரை வெளியேறச் சொல்லியிருந்தார்கள். வெளியேறினால் போய் இறங்க அங்கே அவருக்கு வீடு இல்லை. என் மனைவி அன்று இரவு சாப்பிடவில்லை. "நானே அவர ஏத்தி விட்டுட்டேனே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரன் என்பதால் நானும் அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. காத்திருக்கும் கூடத்தில் பாதிப் பேர் நரைத்த தலைகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், வருஷத்துக்கு இரண்டு சான்றிதழ் வாங்குகிறாராம். உயிரோடுதான் இருக்கிறார் என்று பென்ஷன் கொடுக்கும் அவர் நாட்டுக்கு ஒன்று. வீட்டில்தான் இருக்கிறார் என்று இந்த நாட்டுக்கு ஒன்று. உயிரோடு இருப்பது சுலபமாக முடிந்துவிடுகிறது, வீட்டில் இருப்பதுதான் இழுக்கிறது என்று மாடிவீட்டுக்காரரிடம் அவர் சொன்னாராம்.

எங்களைக் கூப்பிட்டார்கள். அதிகாரி மரியாதையான மனிதர். எங்களுக்கு டீ கூட வரவழைத்தார். ஹிந்தியில் பேசியதால் எனக்கும் புரிந்தது.

"இவர் நாட்டை விட்டுப் போய்விட்டதாக விசாரணை அறிக்கை இருக்கிறது" என்றார்.

நான் எப்படியோ நாக்கைப் பிரித்து, "சார், இவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்" என்றேன்.

"அதை நான் பார்க்கிறேன். ஏர்போர்ட்டில் வெளியே போனதாகவும் பதிவு இல்லை. அப்படியென்றால் இவர் நாட்டில் இருக்கிறார், கொடுத்த விலாசத்தில் இல்லை. அதாவது இருக்கும் இடம் தெரியாதவர். அது இன்னும் சிக்கல்."

இருக்கும் இடம் தெரியாதவர் டீயை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார். "கரெக்ட்" என்றார். எனக்குக் கோபமாக வந்தது. நம்முடைய ஆள் நம் பக்கம் பேச வேண்டாமா. அவரோ, மேஜைக்கு அந்தப் பக்கத்தில் தானே உட்கார்ந்திருப்பதுபோல அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, திரும்ப ஒரு முறை விசாரிக்க விதி இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. இருந்தது. கான்ஸ்டபிள் மறுபடி வருவார். இந்தத் தடவை வாய்ப்பேச்சு போதாது. அக்கம்பக்கத்தில் ஒருவர் வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரரின் கையெழுத்து செல்லாது, ஏனென்றால் வீட்டுக்காரரின் மனைவிதான் அவரை ப்ளேன் ஏற்றியவர்.

ஒரு கையெழுத்துதானே என்று திரும்பி வந்தோம். என் மனைவி வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டதால், வீடு வீடாகப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றுவதற்கே எனக்கு நேரம் பிடித்தது. எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். அவரைப் போக விடலாமா என்று பதறினார்கள். கையெழுத்து என்றதும் குரல் மாறியது.

டிபன் வண்டிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜபான்ஸே கித்னா பீ போல்தூம் பாய். சைன் நக்கோ." வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வாராம், கையெழுத்து மட்டும் வேண்டாமாம்.

பக்கத்து வீட்டு அம்மா, "போலீஸ் பேப்பர்ல பேர் ஏறிட்டா எறங்காதுண்ணா. அன்னைக்குச் சொன்ன மாதிரி இன்னைக்கும் நல்லா சொல்றேன், அழக்கூட அழறேன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க" என்றார்.

தெரு முழுவதும் இப்படித்தான். எல்லோரையும் ஊருக்கு அனுப்பத் தெரிந்த தெருவுக்கு, ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று எழுதிக்கொடுக்கத் தெரியவில்லை. எதிர்வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. மிருதங்கத்தை நிறுத்தப் புகார் கொடுத்தவரிடம், மிருதங்கம் இருக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்பது எப்படி. அவர் வாசல் வரை போய், கேட்டில் கை வைத்து, திரும்பி வந்தேன்.

கான்ஸ்டபிள் வந்தார், அதே பைலோடு. மாடிவீட்டுக்காரர் மடிப்புக் கலையாத சட்டை போட்டு, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். கான்ஸ்டபிள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாட்சி யாரு?" என்றார். நான் தெருவைப் பார்த்தேன். எல்லா ஜன்னலிலும் முகங்கள் இருந்தன. கதவு ஒன்றும் திறக்கவில்லை.

அப்போது எதிர்வீட்டுக் கேட் திறந்தது. பேங்க்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நேராக வந்தார்.

"வாங்க, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? நான் கம்ப்ளெயிண்ட் குடுத்து எத்தன நாளாச்சு" என்று தெலுங்கில் ஆரம்பித்தார்.

எந்தக் கம்ப்ளெயிண்ட் என்று கான்ஸ்டபிளுக்குத் தெரியவில்லை. ஆனால் விவரம் தெரிந்த கான்ஸ்டபிள். "இவர் இங்கேதான் இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்காராவா? தெனமும் காலைல அஞ்சரை மணிக்கு இருக்காரு. ஞாயித்துக்கிழமையும் இருக்காரு. தீபாவளி அன்னைக்குக்கூட இருந்தாரு, வெடிச்சத்தத்துக்கு மேல கேட்டுது. இந்த மூணு வருஷத்துல ஒரு நாள் இவர் ஊருக்குப் போயிருந்தா நான் ஒரு நாள் தூங்கியிருப்பேனே."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"குடுங்க பேப்பர."

எங்கள் வாசல் படியில் உட்கார்ந்து, இங்கிலீஷில் ஒரு பக்கம் நிறைய எழுதினார். கான்ஸ்டபிள் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். பேங்க்காரர் பேனாவை வைக்கப் போகும்போது கான்ஸ்டபிள், நல்ல மனிதர், விஷயத்தையும் சொன்னார்: இது விசா நீட்டிப்புக்கான விசாரணை. இந்த வாக்குமூலம் போனால் இவருக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைக்கும்.

பேனா நின்றது. பேங்க்காரர் தான் எழுதியதை முதலிலிருந்து ஒரு முறை படித்தார். பிறகு மாடிவீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கவுண்டரின் முன் நிற்பவரைப்போல நின்றிருந்தார்.

"கையெழுத்துப் போடலைன்னா?" என்று பேங்க்காரர் கேட்டார்.

"போக வேண்டியதுதான்" என்றார் கான்ஸ்டபிள்.

பேங்க்காரர் பேனாவை மூடி, மறுபடி திறந்தார். "எழுதினது அத்தனையும் உண்மை" என்றார் பிறகு, யாரிடமோ எரிந்து விழுவதைப்போல. "உண்மைய எழுதிட்டுக் கையெழுத்துப் போடாம எந்திரிக்க நான் என்ன இந்தத் தெருக்காரனா?" கையெழுத்துப் போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு மாடிவீட்டுக்காரரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். இனிமேல் ஆறரைக்கு மேல்தான் வாசிக்க வேண்டும் என்று சொன்னாராம். மாடிவீட்டுக்காரர் அவர் போன திசையைப் பார்த்து, தெருவின் உருதுவில் "ஹவ், ஹவ்" என்று ஆமோதித்துத் தலையாட்டினார்.

நீட்டிப்பு வந்துவிட்டது. அன்று என் மனைவி கேசரி செய்தாள். அதற்கும் ரவைதான்.

இப்போது ஆறரைக்குத்தான் மிருதங்கம் ஆரம்பிக்கிறது. பேங்க்காரர் அதற்குள் காபி குடித்துவிட்டு, பேப்பரோடு வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார். போன வாரம் நான் வேலைக்குக் கிளம்பும்போது கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, கவனிச்சீங்களா? நேத்துலேருந்து அவர் தாளத்துல வாசிக்கிறாரு."

"அப்படியா சார்?"

"அப்படித்தான். எனக்கு இது சரியாப் படல. இப்படியே போனா வாத்தியார் சர்டிபிகேட்ல பாஸ்னு எழுதிடுவாரு." பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மாடியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப சாதகம் பண்ண வேண்டாம்னு பக்குவமா சொல்லி வைங்க. இல்ல, உங்களால முடியாது. வீட்டம்மாவச் சொல்லச் சொல்லுங்க."