ஓரகத்தி சொன்ன நன்றி

தையல் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பதுதான் பெரியவளின் வேலை. பதினாறு வருடமாகக் காலரையும் பட்டனையும் உற்றுப் பார்த்துப் பழகிய கண், வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. வீட்டில் அவளுக்கும் அவள் ஓரகத்திக்கும் ஒரே அடுப்படி. பெரிய சண்டை கிடையாது; பேச்சும் கிடையாது.

ஒரு நாள் சின்னவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "அக்கா, காலையில தண்ணி பிடிச்சு வெச்சீங்களே, ரொம்ப நன்றி" என்றாள்.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்னவள் இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடமாகக் கேட்காத வார்த்தை. மறுநாள், சின்னவளின் பிள்ளைக்குத் தலை பின்னியதற்கு ஒரு நன்றி. அதற்கடுத்த நாள், கொடியில் காய்ந்த துணியை எடுத்ததற்கு. எலி அம்மணமாக ஓடுகிறதென்றால் காரணம் இல்லாமலா?

"உங்க தம்பி பொண்டாட்டி, நம்ம காலியா வெச்சிருக்கிற மாடி ரூமுக்கு அடி போடுறா" என்றாள் கணவனிடம்.

"நன்றி சொன்னா வாங்கிக்கயேன்."

"இன்னைக்கு அதை வாங்கிக்கிட்டா, நாளைக்கு ரூமைக் குடுக்கணும்."

மாடி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சின்னவளோ அறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நன்றி மட்டும் நாள் தவறாமல் வந்தது. பத்தாம் நாள் பெரியவளின் பொறுமை போய்விட்டது.

"உனக்கு என்னதான் வேணும்? நேராவே கேட்டுடு."

சின்னவள் ஈரக் கையோடு நின்றாள். "ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமே இல்லக்கா. சும்மா சும்மா அழுகை வரும். டாக்டரம்மாகிட்ட போனேன். மாத்திரை குடுத்தாங்க. கூடவே, தினம் ஒருத்தருக்கு, ஒரு காரியத்துக்கு, முகம் பார்த்து நன்றி சொல்லச் சொன்னாங்க."

"அப்போ நான் உனக்கு மருந்தா?"

"முதல்ல அப்படித்தான். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்புறம் தினம் ஒண்ணு தேட வேண்டியதாச்சு. தேடினப்பதான் நீங்க செய்யறதெல்லாம் கண்ணுல பட்டுச்சு. என்மேலயே கோபமா வந்துச்சு."

பெரியவள் அந்தப் பேச்சைச் சட்டையைப் போல உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். பிசிறு எதுவும் தட்டுப்படவில்லை. ஆனாலும் முழுசாக நம்ப மனம் வரவில்லை. "இப்போ தூக்கம் வருதா?" என்று மட்டும் கேட்டாள்.

"நாலு நாளா பரவால்லக்கா."

அன்று கம்பெனியில் அவளுக்கு வேலை ஓடவில்லை. நூல் பிரிந்ததைத் தொலைவிலிருந்தே சொல்லிவிடுகிறவள், ஒரே அடுப்படியில் இரண்டு மாதம் சிவந்து கிடந்த கண்களைப் பார்க்கவில்லையே என்பது முள்ளாகக் குத்தியது.

வீட்டுக்கு வந்ததும் மாடி அறையின் பூட்டை எடுத்துவிட்டாள். அந்த வாரமே, வாய் கூச, கணவனிடம் சொல்லிப் பார்த்தாள்: "மழைக்கு முன்னாடி ஜன்னலைச் சாத்தினதுக்கு நன்றிங்க."

அவர் செய்தித்தாளை மெல்ல இறக்கினார். "எதைடி உடைச்ச?"

ஒன்றையும் உடைக்கவில்லை என்று அவரை நம்பவைக்க அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது.