சாமியின் பித்தளைச் சொம்பு

ஆஸ்பத்திரியில் என் அறை ஜன்னலில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. கழுத்தருகே லேசாக நசுங்கியது. பூ வைக்கவா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இல்லை என்பேன்.

அதன் சொந்தக்காரரை எல்லோரும் சாமி என்போம். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர், கோயில் மடப்பள்ளியில் நைவேத்தியம் சமைப்பவர். மலக்குடலில் புற்றுநோய். நான் கதிர்வீச்சு கொடுக்கும் டெக்னீஷியன், பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண். கட்டியை அப்படியே அறுத்தெடுத்தால் ஆசனவாயும் போகும். வயிற்றில் துளையிட்டுப் பை பொருத்த வேண்டும், மலம் அதில்தான் சேரும். கட்டி நன்றாகச் சுருங்கினால் பை இல்லாமல் தப்பலாம். அதற்காக, மருந்தை ரத்தத்தில் ஏற்றாமல் பசையாகக் கட்டியின்மேலேயே வைத்து, அது ஊறியதும் கதிர்வீச்சு கொடுக்கும் பரிசோதனை முறைக்கு டாக்டர் அவரைச் சம்மதிக்க வைத்தார். "பையைக் கட்டிண்டு மடப்பள்ளிக்குள்ள எப்படிம்மா கால் வெப்பேன்? அதுக்குப் போய்ச் சேர்ந்துடலாம்," என்று முதல் நாளே சாமி என்னிடம் சொல்லிவிட்டார்.

சிறுகுடல்மேல் கதிர் படாமலிருக்க மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரித் தண்ணீரை அவர் தொடமாட்டார். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். ஒருமுறை வழியில் இருக்கிறதே என்று அதை நகர்த்திவிட்டேன். எடுத்துப்போய், இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் கொண்டுவரக் கூட வந்திருந்த மகனை வீட்டுக்கு விரட்டினார். எனக்குச் சுருக்கென்றது. வேட்டியை விலக்கிப் படுக்கும்போது மட்டும் என் கை பட்டால் பரவாயில்லையா என்று கேட்க வாய்வரை வந்தது.

இடுப்பில் நாங்கள் மையால் போடும் கோடுகளை வைத்துத்தான் கதிர் செலுத்துவோம். அழிக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தோம். ஒருநாள் மருந்து வைத்தாகிவிட்டது, பார்த்தால் இடுப்பு பளிச்சென்று இருக்கிறது. கோயிலில் விசேஷமாம், பயத்தமாவு போட்டுத் தேய்த்துக் குளித்திருக்கிறார். கதிர் கொடுக்க முடியவில்லை. வைத்த மருந்து வீண்.

"எந்தா சாமி இது?" என்று மலையாளி டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மை போட்ட உடம்போட அடுப்பைத் தொடப்படாது, கேட்டோ," என்றார் சாமி, எங்களுக்குத்தான் விவரம் போதாது என்பதுபோல. மறுபடி அளந்து, கோடு போட்டு, தொடர்ந்தோம்.

கட்டி சுருங்கியது, ஆனால் போதுமான அளவு சுருங்கவில்லை. அந்த ஒரு நாளாலா என்று சாமி கேட்டார். இல்லை என்றார் டாக்டர். எனக்குத் தெரிந்தவரை அது உண்மைதான். ஆபரேஷன் நடந்தது. பை வந்தது.

சில மாதம் கழித்துச் செக்கப்புக்கு வந்தவர் என்னைத் தேடி வந்தார். வேட்டிக்குள் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கோயிலில் சொல்லிப்பார்த்தார்களாம். அவராகவே மடப்பள்ளியை விட்டுவிட்டார். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. "போய்ச் சேரலியே, என்ன பண்ண? ஆத்துல பண்ணினேன், சாப்பிட்டுப் பாரு," என்று சொம்பை நீட்டினார். பால் பாயசம். கீழே வைப்பார், எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. என் கை பிடித்தபிறகுதான் அவர் கை விட்டது.

பாயசத்தை என் டிபன் டப்பாவில் ஊற்றிக்கொண்டு சொம்பைக் கழுவினேன்.

"கொஞ்சம் தண்ணி பிடிச்சுத் தா," என்றார்.

"இங்கே குழாய்த் தண்ணிதான் சாமி."

"தெரியும்."

அண்ணாந்து குடித்து முடித்து, சொம்பை என்னிடமே கொடுத்தார். "இங்கேயே இருக்கட்டும். வரும்போது குடிச்சுக்கறேன்."

நாளைக்கு அவருக்குச் செக்கப். புளி போட்டுத் தேய்த்துச் சொம்பை ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அவர் வந்ததும் குழாயில் பிடித்துக் கொடுக்க வேண்டும்.