கோழி கொண்டுவராத இன்பமணி

முக்கூடலுக்கு வெளியே இருக்கும் எங்கள் முட்டைப் பண்ணையில் பன்னிரண்டாயிரம் கோழிகள். பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே வேலை பார்க்கும் இன்பமணி அக்காவின் வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது. தெருவில் மேயும் கோழியிடமிருந்து நோய் தன் கையிலோ துணியிலோ ஒட்டிக்கொண்டு பண்ணைக்குள் வந்துவிடக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஆளுக்கு ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். வாழைத்தார், அரிசி, கால் கட்டிய நாட்டுக்கோழி எல்லாம் ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம் போகும். அக்கா ஆண்டுதோறும் பூசணிக்காய்தான் தூக்கி வருவார்.

“ஏ இன்பமணி, பன்னிரண்டாயிரம் கோழிய வச்சுக்கிட்டு ஆண்டவருக்குப் பூசணிக்காயா?” என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

“அது மொதலாளி கோழில்லா. பூசணிதான் என் வீட்டுக் கொடியில காய்ச்சது” என்று சிரித்துவிட்டு, ஏலம் தொடங்கும் முன்பே கிளம்பிவிடுவார்.

போன ஆண்டு பண்டிகையன்று மதியம் முதலாளி தேவசிகாமணி அண்ணாச்சி நேராகப் பண்ணைக்கு வந்தார். ஏலத்தில் எடுத்த செவலைச் சேவல் காரின் பின்னிருக்கையில் கிடந்தது. பண்டிகை உற்சாகம் முகத்தில் தெரிந்தது.

“லே சுபின், கதவத் தொற. நம்ம கோழிப் பிள்ளைய எல்லாம் எப்படி நிக்குதுன்னு பாத்துட்டுப் போறேன்.”

நான் அங்கே மேற்பார்வையாளர். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. வேறு வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டபடி இதில் சேர்ந்திருந்தேன். பண்ணைக்குள் நோய் நுழையாமல் தடுப்பது எப்படி என்று தேர்வில் நான்கு பக்கம் எழுதியவன். ஆனாலும் என் கை சாவியைப் பூட்டில் நுழைத்துவிட்டது. ஏன் என்று இன்றும் என்னையே கேட்கிறேன்.

இன்பமணி அக்கா வந்து பூட்டின்மேல் கையை வைத்தார்.

“நில்லுங்க அண்ணாச்சி. சேவலத் தொட்டியளா?”

“தொடாம எப்படிளா தூக்கிட்டு வர? அது வண்டியில கிடக்கு. நான் மட்டும்தான் வாரேன்.”

“சட்டையப் பாருங்க.”

வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு செவலை இறகு ஒட்டியிருந்தது. அண்ணாச்சி அதைச் சுண்டிவிட்டார்.

“நம்ம கோழி எல்லாத்துக்கும் தடுப்பூசி போட்டிருக்குல்லா?”

“ஊசி போட்டா சாகாது. ஆனா நோவு பட்டா முட்ட சரிஞ்சிரும். இப்பத்தான் நூத்துக்குத் தொண்ணூத்து மூணு இடுது. வீட்டுக்குப் போய்க் குளிச்சு, துணி மாத்திட்டு, நாலு நாள் கழிச்சு வாங்க.”

“எம் பண்ணைக்குள்ள நான் வரப்படாதோ? நாளையில இருந்து நீ வேலைக்கு வரண்டாம்!”

அக்காவின் மகள் டெபோராவின் நர்சிங் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவர் கை பூட்டிலிருந்து நகரவில்லை.

“சரி அண்ணாச்சி. நாளைக்கு வரல. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் இது எம் பொறுப்பு.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மெல்ல சாவியை உருவிக்கொண்டேன். அன்று என்னால் முடிந்தது அவ்வளவுதான். கார் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பிப் போனது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்கா வாசலில் நின்றார். “வரண்டாம்னு சொன்னாரே அக்கா?” என்றேன். “கோவத்துல சொன்னத எல்லாம் கணக்குல வச்சா கோழிக்குத் தீனி யாரு போடுவா?” என்றபடி மருந்துத் தண்ணீரில் காலை முக்கி உள்ளே போனார். ஆனால் அன்று ஒவ்வொரு முறை என் கைபேசி ஒலித்தபோதும் அவர் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

நான்காம் நாள் அண்ணாச்சியிடமிருந்து அழைப்பு வந்தது. சேவல் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்தை முறுக்கிக்கொண்டு செத்துவிட்டதாம். வெள்ளைக் கழிச்சல், கோழிக்குக் கோழி பரவும் நோய் என்று மருத்துவர் சொன்னாராம். அடுத்த வாரத்துக்குள் அண்ணாச்சி வீட்டுக் கோழிகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. யாரும் சொல்லாமலே அவர் பண்ணைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். இங்கே முட்டை தொண்ணூற்று மூன்றிலேயே நின்றது.

ஒரு மாதம் கழித்துக் கார் வந்தது. அண்ணாச்சி வெளிவாசலிலேயே நின்றார். சாவி என் கையில்தான் இருந்தது. ஆனால் அவர் என்னைத் தாண்டிக் குரல் கொடுத்தார்.

“ஏளா இன்பமணி, நான் உள்ள வரலாமா?”

நான் அக்கா பக்கம் திரும்பினேன். அக்கா தீனி வாளியைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தார்.

“குளிச்சாச்சா அண்ணாச்சி?”

“ரெண்டு தடவ.”

“அப்பச் செருப்ப அங்கனயே போட்டுட்டு வாங்க.”