உள்ளே நின்றுபோன ஈயம்

கிளப்பில் அவளை எல்லோரும் 'நிதானம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின்னால் வாண்டுகள் கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தினாலும் ஸ்டியரிங் பிடித்த கை ஆடாது. அந்தக் கைதான் அவளைத் துப்பாக்கி சுடும் கிளப்பில் கொண்டுபோய் விட்டது. குழாய் ரிப்பேர் பார்க்கிற அவள் கணவன் மட்டும், "பொறுமையையெல்லாம் வெளியிலயே செலவு பண்ணிட்டு வந்துடுறா" என்று குறைபடுவான்.

அணிக்கு நான்கு பேரை எடுப்பார்கள். அவள் வருஷா வருஷம் ஐந்தாவதாக வந்துகொண்டிருந்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் துப்பாக்கிக்குப் புதுக் குழல் போட முடிவு செய்தாள்.

பட்டறைக்காரர் கேட்டார்: "தோட்டா உக்கார்ற அறையை இறுக்கமா வெட்டட்டுமா, கொஞ்சம் தாராளமா விடட்டுமா?"

"எதுல குறி நல்லா இருக்கும்?"

"இறுக்கத்துலதான். குண்டோட மூக்கைக் குழல் கவ்விப் பிடிச்சிக்கும், அசையாது. ஆனா ஒண்ணும்மா, உள்ள போட்டதைச் சுட்டுத்தான் வெளிய அனுப்பணும். சுடாம பின்னால இழுத்தா கூடு மட்டும் கையோட வரும். ஈயக் குண்டு உள்ளயே நின்னுடும்."

"சுடாம நான் ஏன் இழுக்கப்போறேன்?"

அவரும் சிரித்துவிட்டு வெட்டிக் கொடுத்தார்.

அவர் வாக்குத் தப்பவில்லை. பயிற்சியில் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. குறி அட்டையைக் கணவன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ஒரே ஓட்டைதான் இருக்கு? மத்ததெல்லாம் வேலி தாண்டிப் போயிடுச்சா?"

தேர்வு நாளில் அவள் மூன்றாவது இடத்தில் இருந்தாள். இன்னும் சில தோட்டாக்கள்தான் பாக்கி. குப்புறப் படுத்து, தோட்டாவை உள்ளே தள்ளி, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை மூடினாள். பாதி மூச்சை விட்டு விரலை விசையில் வைத்தபோது விசில் அடித்தது.

"நிறுத்துங்க! எல்லாரும் தோட்டாவை எடுங்க!"

கடைசி வரிசையில் ஒரு குறிப்பலகை சட்டத்தோடு சாய்ந்துவிட்டிருந்தது. அதை நிமிர்த்த ஒரு தொழிலாளி சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார்.

அவள் கையைத் தூக்கினாள். "சார், என்னோடது இறுக்கமான அறை. இழுத்தா குண்டு உள்ள மாட்டிக்கும். மண்மேட்டைப் பாத்து ஒரு தடவை சுட்டுடட்டுமா?"

நடுவர் நல்ல மனிதர். குரலைக் கூட உயர்த்தவில்லை. "நிறுத்துன்னு சொன்ன பிறகு எப்படிம்மா சுட விடுறது?"

"அப்ப அவர் போயிட்டு வர்ற வரைக்கும் தொடாம இப்படியே வெச்சிருக்கேன்."

"தோட்டா போட்ட துப்பாக்கிக்கு முன்னால ஒரு ஆளை நடக்க விடச் சொல்றீங்களா?"

அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள். போல்ட்டை இழுத்தாள். கூடு மட்டும் வந்தது. வெடிமருந்து பொலபொலவென்று விசைக்குள் கொட்டியது.

பலகை நிமிர்ந்தது, தொழிலாளி திரும்பினார், மறுபடி விசில் அடித்தது. இடமும் வலமும் சுட ஆரம்பித்துவிட்டார்கள். சொந்தத் துப்பாக்கியில் வரும் கோளாறுக்கு நேரம் கூட்டித் தரமாட்டார்கள், அது விதி. அவள் நீளக் கம்பியைக் குழல்வாயில் விட்டுத் தள்ளினாள். ஈயம் அசைய மறுத்தது. அசைந்து வெளியே விழுந்த பிறகு, விசையில் சிக்கிய மருந்து வழிவிட மறுத்தது. ஊதினாள், துணியால் துடைத்தாள், தட்டினாள். பார்வையாளர் பக்கத்துக் கண்ணாடிக்குப் பின்னால் கணவன், 'என்ன ஆச்சு?' என்று கையை விரித்தான். அவளால் கையை விரித்துக் காட்டக்கூட முடியவில்லை.

ஒருவழியாக போல்ட் மூடியபோது நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. சுட்டவை அத்தனையும் நடுவில் விழுந்தன. சுடாமல் பெட்டியில் மிஞ்சியதற்கு யார் மதிப்பெண் போடுவார்கள்? பட்டியலில் கீழேயிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடுகிற இடத்தில் அவள் இருந்தாள்.

பலகை நிமிர்த்தியவர் தேடி வந்தார். "என்னாலதாம்மா..."

"நீங்க என்ன பண்ணுவீங்க? காத்துல சாஞ்சுடுச்சு."

பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது கணவனிடம் சொன்னாள்: "யாரைத் திட்டுறதுன்னே தெரியலைங்க."

"என்னைத் திட்டு. பழகின ஆளு."

திட்டத்தான் நினைத்தாள். அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பட்டறையில் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தாள். "தாராளமாக்கிடுங்க."

"ஆக்கிடலாம். ஆனா பெருசாக்கினதைத் திரும்பச் சின்னதாக்க முடியாதும்மா. குறியும் இப்படி இருக்காது."

"அப்படியே விட்டா?"

"இன்னொரு விசில் அடிச்சா இதே கதைதான்."

"அடிக்காதுன்னு சொல்ல முடியாதா?"

"அதை யாரும்மா சொல்ல முடியும்?"

முன்னே போனால் கடிக்கும், பின்னே வந்தால் உதைக்கும் என்று அவள் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அறையை வெட்டாமலே துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

மழைக்காலத்தில் அவளுடைய இடது தோள் இறுகிவிட்டது. கை காதுக்கு மேலே ஏறவில்லை. எப்போது சரியாகும் என்று கேட்டதற்கு மருத்துவர், "சில பேருக்குத் தானா விடும். நாள் ஆகும்" என்றார். பேருந்துக்கு வேறு ஓட்டுநர் வந்தார். அடுத்த தேர்வுக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை.

ஆனால் சும்மா கிடந்தாலும் குழலுக்கு எண்ணெய் காட்டியாக வேண்டுமே. கணவன்தான் துப்பாக்கியை வைத்திருக்கிற கிளப்புக்கு வந்து செய்கிறான். சாக்கடை அடைப்பு எடுக்கிறவன் வேகத்தில் கம்பியைக் குத்துகிறான். பக்கத்து நாற்காலியில், தூக்க வராத கையை மடியில் போட்டுக்கொண்டு அவள் பதறுகிறாள்.

"மெதுவாங்க... ஐயோ, மெதுவா."