ஐஸ் தண்ணீரில் கரைந்த ஆய்வு

செவ்வாய்க்கிழமை காலை வட்டகொடையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் தோழி மகேஸ்வரியின் தம்பி போனில் பேசினான். "அக்கா, மகேஸ் அக்கா போயிட்டாங்க. இன்னிக்கே கொட்டகலைக்குக் கொண்டாறோம்." ஒன்றரை வருட நோய், எதிர்பார்த்த செய்திதான். பஸ் வந்தது, ஏறினேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு பாடம் எடுத்த பிறகுதான் அழுகை வந்தது.

நாங்கள் இருவரும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து செய்த ஆய்வு எங்களோடு படித்த உங்களில் பலருக்குத் தெரியும். சாண வாயுவில் எரியும் மெதேனோடு காபனீரொட்சைட்டு என்ற கரியமில வாயுவும் கலந்திருக்கும். பிளாஸ்டிக் போன்ற மெல்லிய பல்பகுதியச் சவ்வொன்றின் வழியே காபனீரொட்சைட்டு விரைவாக வெளியேறிவிடும், மெதேன் பின்தங்கும். குளிரில் வேகம் குறைந்தாலும் பிரிப்பு துல்லியமாகும் என்று நம்பினோம். குளிரூட்டும் இயந்திரம் பழுது. மீன் கடையில் ஐஸ் வாங்கி ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டியில் அடைத்தோம். "பட்டம் வாங்குறப்பவும் நம்ம மேல மீன் வாடைதான் அடிக்கும்டி" என்பாள்.

முடிவுகள் பிரமாதமாக வந்தன. ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம் இருக்கையில், மகேஸ்வரி சவ்வைக் கழற்றிவிட்டு வாயுவை நேரே விட்டுப் பார்த்தாள். அப்போதும் காபனீரொட்சைட்டு குறைந்தது.

வாயுப்பைக்கு வழியில்லாமல், பள்ளிக்கூடத்தில் படித்தபடி, தண்ணீர் நிறைத்த போத்தலைக் கவிழ்த்து வாயுவைப் பிடித்திருந்தோம். உருகிய ஐஸை வீணாக்க மனமில்லாமல் அந்தத் தண்ணீரையே ஊற்றினோம். காபனீரொட்சைட்டு குளிர்ந்த நீரில் நன்றாகக் கரையும். சவ்வின் கெட்டிக்காரத்தனம் என்று நாங்கள் எழுதியதில் பெரும்பகுதி தண்ணீர் செய்த வேலை.

"யாருக்கும் தெரியாதுடி, பேசாம குடுத்துருவோம்" என்றேன். எனக்கு வேலை கிடைத்தால்தான் அம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைப்பாள்.

"எங்கம்மாவும் மலைக்குத்தாண்டி போறாங்க" என்றாள். மறுநாள் பேராசிரியரிடம் கடிதம் கொடுத்துவிட்டாள். இருவருக்கும் பட்டம் இல்லாமல் போயிற்று. அவளோடு இரண்டு வருடம் நான் பேசவில்லை. அவ்வளவு கோபம்.

பட்டம் இல்லாமலே கிடைத்த என் ஆசிரியர் வேலைக்குப் பேராசிரியர் எழுதிய பரிந்துரையைப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தன் பிழையைத் தானே கண்டு ஒப்புக்கொண்டவள் என்று என்னைப் புகழ்ந்திருந்தார். மகேஸ்வரி தன் கடிதத்தில், "நாங்கள் இருவரும் கண்டுகொண்டோம்" என்று எழுதியிருக்கிறாள்.

"ஏண்டி அப்படி எழுதுன?" என்று கொட்டகலைக்குப் போய்க் கேட்டேன்.

"எல்லாத்தையும் ரெண்டு பேரு பேரும் போட்டுத்தானே எழுதுனோம். இத மட்டும் ஒத்தையா எப்பிடி எழுதுறது? உள்ள வா, தேத்தண்ணி ஊத்துறேன்" என்றாள். உள்ளே போனேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. நான் யாரிடமும் திருத்திச் சொல்லவும் இல்லை.

நேற்று மயானத்தில் பேராசிரியர், "அந்த நேர்மையான இருவர்" என்று பேசினார். நான் தலைகுனிந்து நின்றேன். துக்கம் என்று நினைத்திருப்பீர்கள். பிழையைக் கண்டவள் மகேஸ்வரி மட்டும்தான். மறைக்கச் சொன்னவள் நான். நானறிய அவள் எழுதிய ஒரே பொய் என் நல்ல பெயர். அவளுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.